ஒரு உள்ளான், ஒரு நத்தை, ரெண்டு விதமான சாவு

பள்ளிக்கரணை, கோடியக்கரை பக்கம் குளிர்காலத்துல பைனாகுலரோட திரிஞ்ச மக்களுக்கு உள்ளானை நல்லாவே தெரிஞ்சிருக்கும். சின்னப் பறவை, குச்சிக் கால், சேத்துக்குள்ள அலகைத் தையல் மெஷின் ஊசி மாதிரி விட்டு விட்டு எடுத்துட்டு ஓடிக்கிட்டே இருக்கும். வடக்கே எங்கேயோ ரஷ்யாவுல குஞ்சு பொரிச்சிட்டு, பனி விழ ஆரம்பிச்சதும் நம்ம ஊருக்குக் கிளம்பி வர்ற கூட்டம்.

நான் சொல்ல வந்தது அந்த உள்ளானைப் பத்தி இல்ல. அதோட தூரத்துச் சொந்தக்காரன் ஒருத்தன் பசிபிக் கடலுக்கு நட்டநடுவுல டஹிட்டித் தீவுல இருந்தான். எங்கேயும் வலசை போகாம சொந்த ஊர்லயே ஓடைக்கரையில குப்பை கொட்டிக்கிட்டிருந்தான். இப்ப இல்ல. அதே தீவுக்கூட்டத்துல மரத்துல வாழ்ந்த ஒரு நத்தையும் இப்ப இல்ல. இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா எனக்கு ஒரு விஷயம் உறுத்துது. அதைத்தான் இந்தப் பதிவுல கொட்டப்போறேன். கொஞ்சம் நீளம், ஆணி இல்லாத நேரமாப் பாத்துப் படிங்க :-)

ஒரே கேப்டன்

ரெண்டையும் வெளியுலகத்துக்குக் கொண்டுவந்தது ஒரே ஆளோட கப்பல்கள்தான். நம்ம பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்துல ஒரு வரியில வந்துட்டுப் போவாரே, கேப்டன் ஜேம்ஸ் குக், அவரேதான்.

1769-ல சூரியனுக்குக் குறுக்கே வெள்ளிக் கிரகம் போறதை அளக்கறதுக்காக 'எண்டெவர்' கப்பல்ல குக் டஹிட்டிக்கு வந்தார். ஜூன் 3-ஆம் தேதி அந்த வேலை முடிஞ்சது. அப்புறம் பக்கத்துத் தீவுகளையும் ஒரு சுத்து சுத்தினார். அப்படிப் போன ராயாட்டியா தீவுல இருந்து கப்பலுக்கு வந்த ஒரு சின்ன ஓடுதான் இன்னைக்கு பார்ட்டுலா ஃபாபான்னு சொல்ற நத்தை. 'ஃபாபா'ன்னா லத்தீன்ல அவரை மாதிரி ஒரு விதை. சைஸும் ஏறக்குறைய அவ்வளவுதான், ரெண்டு சென்டிமீட்டர் சுமாருக்கு.

பறவை மாட்டினது ரெண்டாவது பயணத்துல. 1773 ஆகஸ்ட்ல 'ரெசல்யூஷன்' டஹிட்டியில நின்னப்போ, கப்பல்ல இருந்த ஜெர்மானிய இயற்கையியலாளர் ஃபோர்ஸ்டரும் அவர் மகன் கியோர்க்கும் ஒரு உள்ளானைப் பிடிச்சாங்க. அதைப் படமா வரைஞ்ச கியோர்க்குக்கு அப்போ வயசு 18. மேல பழுப்பு, அடியில துரு நிறம், இறக்கையில ஒரு சின்ன வெள்ளைத் திட்டு. அந்தத் திட்டை வச்சுத்தான் 'வெள்ளை இறக்கை'ன்னு அர்த்தம் வர்ற மாதிரி ப்ரோசோபோனியா லூகாப்டெராங்கிற பேரு. டஹிட்டிக்காரங்க அதை டொரோமேன்னு கூப்பிட்டாங்க. பக்கத்துத் தீவான மூரெயாவில டெ-டெ.

பறவையோட கதை ஒரு பாராவுல முடிஞ்சிரும்

மூணாவது பயணத்துல, 1777-ல, கப்பல் மருத்துவர் ஆண்டர்சன் மூரெயாவில இன்னும் ரெண்டைப் பிடிச்சார். வில்லியம் எல்லிஸ்ங்கிற உதவி மருத்துவர் அதைப் படம் வரைஞ்சார். ஆக மொத்தம் மூணு பறவை. அதுக்கப்புறம் எந்த ஆய்வாளர் கையிலயும் அது சிக்கவே இல்ல.

அந்த மூணுலயும் ரெண்டு தொலைஞ்சு போச்சு. இன்னைக்கு நெதர்லாந்துல லைடன் நகரத்து அருங்காட்சியகத்துல ஒரே ஒரு பாடம் பண்ணின உடம்பு இருக்கு. உலகத்துலயே அது ஒண்ணுதான். அது டஹிட்டியில பிடிச்சதா, மூரெயாவில பிடிச்சதான்னே அறிஞர்களுக்குள்ள இன்னும் ஒரு முடிவு இல்ல. எல்லிஸ் படத்துல இருக்கறது கொஞ்சம் வித்தியாசமா இருக்கேன்னு 1906-ல அதுக்குத் தனி இனம்னு ஒரு பேரு வச்சாங்க. அது நிஜமாவே தனி இனமா, இல்ல ஓவியர் கையோட வேலையான்னு இன்னும் பேசிக்கிட்டிருக்காங்க.

அதாவது மக்களே, செத்தது ஒரு இனமா ரெண்டு இனமான்னுகூடத் தீர்மானமா எண்ண முடியல. அது எப்படிக் கூவிச்சு, எத்தனை முட்டை போட்டுச்சு, எதுவும் பதிவாகலை.

எப்படிச் செத்தது? ஆய்வாளர்கள் கை காட்டறது எலியை. தீவுகள்ல பாலூட்டி வேட்டைக்காரன் இல்லாம வளர்ந்த பறவைக்குப் பயம்னா என்னன்னு தெரியாது. இந்தக் குடும்பத்துல இன்னும் உயிரோட இருக்கற துவாமோட்டு உள்ளான் தரையிலதான் கூடு கட்டுது, மனுஷங்க கிட்ட வந்தா பறந்து ஓடாம, 'யாருப்பா நீ'ங்கற மாதிரி கிட்ட வந்து பாக்குது. இப்படிப்பட்ட பறவைக்கு நடுவுல கப்பல்ல வந்த எலி இறங்கினா என்ன ஆகும்? எலியை யாரும் டிக்கெட் வாங்கிக் கூட்டிட்டு வரல. அதுவா நங்கூரக் கயித்தைப் பிடிச்சு இறங்கிப் போச்சு. தான் ஒரு பறவை இனத்தை முடிச்சுக்கிட்டிருக்கோம்னு அந்த மாலுமிகள்ல ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது.

நத்தைக்கு ஒரு அலமாரி நிறைய ஃபைல் இருக்கு

இப்ப நத்தைக்கு வருவோம். பார்ட்டுலாங்கறது ஒரு பெரிய குடும்பம். சொசைட்டித் தீவுகள்ல மட்டும் 61 இனம் இருந்துச்சு. பகல்ல இலைக்கு அடியில ஒட்டிக்கிட்டுத் தூங்கும், ராத்திரியில கிளம்பி அழுகின இலை, பாசி, பூஞ்சை இதுகளைச் சுரண்டித் தின்னும். விவசாயிக்கு ஒரு பைசா நஷ்டம் கிடையாது. முட்டை போட்டுட்டுப் போற பழக்கமும் இல்ல, குட்டியா, ஒரு தடவைக்கு ஒண்ணுதான் பெத்துப்போடும். பார்ட்டுலாங்கற பேரே ரோமானியர்களோட பிரசவ தேவதை பேருதான்.

இதுல அதிசயம் என்னன்னா, ஒரு மலைப் பள்ளத்தாக்குல ஒரு மாதிரி, முகட்டைத் தாண்டினா அடுத்த பள்ளத்தாக்குல வேற மாதிரி. நிறம் வேற, பட்டை வேற. ஒரு இனத்துல ஓடு சில இடத்துல வலது பக்கமாச் சுத்தும், சில இடத்துல இடது பக்கமாச் சுத்தும். புது இனங்கள் எப்படிப் பிறக்குதுன்னு கண்ணெதிர்ல பாக்க ஒரு சோதனைச்சாலை வேணும்னா இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

ஹென்றி க்ராம்ப்டன்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர் அதைப் புரிஞ்சுக்கிட்டார். 1906-ல முதல் தடவையா டஹிட்டிக்குக் கப்பலேறினார். அப்புறம் வாழ்க்கையில பெரும்பகுதி இந்த நத்தைதான். கம்ப்யூட்டர் இல்ல, கால்குலேட்டர் இல்ல, பள்ளத்தாக்கு பள்ளத்தாக்கா நடந்து ஆயிரக்கணக்கான ஓட்டைச் சேர்த்து, அளந்து, பட்டியல் போட்டார். டஹிட்டிக்கு 1916-ல ஒரு தடிமனான புத்தகம், மூரெயாவுக்கு 1932-ல இன்னொண்ணு. 1960-கள்ல இருந்து ப்ரையன் கிளார்க், ஜேம்ஸ் மர்ரேன்னு ரெண்டு மரபியலாளர்கள் அதே பள்ளத்தாக்குகளுக்குத் திரும்பிப் போய் அதே வேலையைத் தொடர்ந்தாங்க. மைக்கேல் ஜான்சன் பின்னாடி சேர்ந்துக்கிட்டார்.

பறவைக்கு மூணு உடம்பு, சில படங்கள். நத்தைக்கு எழுபது வருஷ டேட்டா. இந்த வித்தியாசத்தை மனசுல வச்சுக்கோங்க.

ஒரு 'சின்ன' ஃபிக்ஸ்

1967-ல டஹிட்டிக்கு ராட்சச ஆப்பிரிக்க நத்தை வந்து சேர்ந்தது. நமக்கு ரொம்பப் பழக்கமான ஆளு. மழைக்காலத்துல காம்பவுண்டு சுவத்துல, முருங்கை மரத்துல கைமுட்டி சைஸ்ல ஒட்டிக்கிட்டிருக்குமே, அதேதான். மொரீஷியஸ்ல இருந்து 1847-ல கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தவர் பென்சன்ங்கற ஒரு நத்தை ஆய்வாளர். பிறகு நாடு பூரா பரவிடுச்சு. 1900-ல இலங்கைக்கும் போயிடுச்சு. வாழை, பப்பாளி, கீரைன்னு கண்டதையும் மேயும். மூரெயாவில ஒரு விவசாயி தன் வீட்டுச் சுவத்துல இருந்து மட்டும் ரெண்டு தள்ளுவண்டி நிறைய அள்ளிக் கொட்டினார்னு பதிவாகி இருக்கு. அப்ப அவர் தோட்டம் என்ன கதியில இருந்திருக்கும்னு யோசிச்சுக்கோங்க.

ஜனங்க கத்தறாங்க, அதிகாரிகள் ஏதாவது செஞ்சாகணும். அவங்க எடுத்த முடிவு: நத்தையைத் திங்கற இன்னொரு நத்தையைக் கொண்டாந்து விடுவோம். அமெரிக்காவோட தென்கிழக்கு மூலையில, ஃப்ளோரிடா பக்கம் இருக்கற இதைச் செவ்வோநாய் நத்தைன்னு சொல்லலாம். மத்த நத்தை போன வழியில இருக்கற கோழையை மோப்பம் பிடிச்சு, பின்னாடியே போய்ப் பிடிச்சுத் தின்னும். சின்ன நத்தைன்னா அப்படியே முழுங்கிடும். 1974-ல டஹிட்டியில விட்டாங்க. 1977 மார்ச்ல மூரெயாவில விட்டாங்க.

பிரச்சினை என்னன்னா, கைமுட்டி சைஸ் ஆப்பிரிக்க நத்தையோட மல்லுக்கட்டறதைவிட, இலைக்கடியில தூங்கற அவரை விதை சைஸ் பார்ட்டுலாவை முழுங்கறது சுலபம். வேட்டை நத்தை வருஷத்துக்குச் சுமார் 1.2 கிலோமீட்டர்ங்கற வேகத்துல மூரெயாவில முன்னேறிச்சு. நத்தை வேகம்னு சிரிக்காதீங்க. தீவே மொத்தம் 134 சதுர கிலோமீட்டர்தான், 2011-க்கு முன்னாடி இருந்த சென்னை மாநகராட்சியைவிடச் சின்னது. 1987-ல தேடிப் பாத்தப்போ மூரெயாவோட ஏழு பார்ட்டுலா இனங்கள்ல ஒண்ணுகூடக் காட்டுல இல்ல. பத்தே வருஷம்.

அடுத்து ராயாட்டியா. அங்கேயும் வேட்டை நத்தை போய்ச் சேர்ந்துச்சு, அங்கேயும் அதே கதை. குக் காலத்து ஃபாபாவும் காட்டுல இருந்து காணாமப் போச்சு. கடைசிக் கணக்கெடுத்தப்போ 61 இனத்துல காட்டுல மிஞ்சினது அஞ்சு.

வயித்தெரிச்சலான விஷயம், இதெல்லாம் முன்கூட்டியே தெரியும். 1955-லயே ஹவாய்த் தீவுகள்ல இதே நத்தையை இதே காரணத்துக்காக விட்டுட்டாங்க. அது அங்கே உள்ளூர் மரநத்தைகளைக் காலி பண்ணுதுன்னு 1977-க்கு முன்னாடியே எச்சரிக்கை அச்சுல வந்தாச்சு. ஆப்பிரிக்க நத்தையை அது கட்டுப்படுத்துச்சுங்கறதுக்கு ஒழுங்கான ஆதாரமும் இல்ல. இன்னும் கேளுங்க, பல ஊர்கள்ல ஆப்பிரிக்க நத்தை முதல்ல பெருகித் தள்ளிட்டு, கொஞ்ச காலம் கழிச்சுத் தானாவே குறைஞ்சு போயிருக்கு. அவசரப்படாம இருந்திருந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கலாம்.

ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா

பறவையோட சாவுல அறியாமை இருக்கு, அலட்சியம் இருக்கு. முடிவெடுத்தவர்னு ஒருத்தர் கிடையாது. நத்தையோட சாவுல திட்டம் இருக்கு, அனுமதி இருக்கு, தேதி இருக்கு. கேட்டிருந்தா சொல்லியிருக்க ஆளும் இருந்தாங்க. கிளார்க்கும் மர்ரேயும் அந்தப் பள்ளத்தாக்குகளுக்கு வருஷக்கணக்கா வந்துபோய்க்கிட்டிருந்தவங்க.

'நமக்கு மட்டும் தகவல் இருந்திருந்தா காப்பாத்தியிருப்போம்'னு அழிஞ்சுபோன ஒவ்வொரு உயிருக்கும் நாம சொல்ற சமாதானம் ஒண்ணு உண்டு. பறவைக்கு அதைச் சொல்லிக்கலாம். நத்தை விஷயத்துல அது பொய்யாப் போச்சு. உலகத்துல இவ்வளவு நுணுக்கமா ஆராயப்பட்ட காட்டு உயிர்கள் ரொம்பக் கம்மி. அந்த டேட்டா நூலகத்துல இருந்துச்சு, முடிவு வேற கட்டிடத்துல எடுக்கப்பட்டுச்சு. ரெண்டு கட்டிடத்துக்கும் நடுவுல யாரும் நடக்கல. அவ்வளவுதான்.

பொட்டி தட்டற நம்மள மாதிரி ஆளுங்களுக்கு இது புதுசே இல்ல. ஒரு இடத்துல அவசரமா ஒரு பேட்ச் போட, அதை நம்பி வேற எது எது ஓடுதுன்னு பாக்காம ப்ரொடக்‌ஷன்ல ஏத்த, ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபோன் வர... எழுதி வச்ச டாக்குமென்ட்ல மூணாவது பக்கத்துலயே 'இதைத் தொடாதே'ன்னு போட்டிருக்கும். ஆனா நமக்கு ரோல்பேக் இருக்கு. மூரெயாவுக்கு இல்ல.

பேக்கப்

முழுசா இல்லைன்னும் சொல்லிட முடியாது. வேட்டை நத்தை பரவறதைக் கண்ணால பாத்த அந்த ஆய்வாளர்கள், 1980-கள்ல மிச்சமிருந்த பார்ட்டுலாக்களை அள்ளிக்கிட்டுத் தங்களோட ஆய்வகங்களுக்கு ஓடினாங்க. அப்புறம் லண்டன், ஜெர்சி, எடின்பரோன்னு மிருகக்காட்சிசாலைகளும் சேர்ந்துக்கிச்சு. பிளாஸ்டிக் டப்பா, ஈர டிஷ்யூ பேப்பர், ஓட்ஸும் புல்லுப்பொடியும் சுண்ணாம்பும் குழைச்ச கஞ்சி. ஒரு இனத்தோட மொத்த ஜனத்தொகையும் ஒரு அலமாரித் தட்டுல!

பேக்கப் எடுத்த எல்லாமே ரீஸ்டோர் ஆகாதுங்கறதும் நமக்குத் தெரிஞ்சதுதான். ராயாட்டியாவோட இன்னொரு இனம் பார்ட்டுலா டர்ஜிடா. அதோட கடைசி நத்தை 1996 ஜனவரியில லண்டன் மிருகக்காட்சிசாலையில செத்துப்போச்சு. காரணம் ஒரு நுண்ணிய ஒட்டுண்ணி. ஒரு தொற்றுநோய் ஒரு இனத்தையே முடிச்சதுக்கு ஆதாரத்தோட நிரூபிக்கப்பட்ட முதல் உதாரணம்னு அதை 1998-ல எழுதினாங்க. குக் காலத்து ஃபாபாவோட கடைசி உயிர் 2016-ல எடின்பரோவில அடங்கிச்சு. 1769-ல ஆரம்பிச்ச ஒரு அறிமுகம் ஸ்காட்லாந்துல ஒரு டப்பாவுக்குள்ள முடிஞ்சது.

ஆனா எல்லாம் சோகம் இல்ல. 2015-ல இருந்து வருஷா வருஷம் டப்பாவுல பிறந்த பார்ட்டுலாக்களைத் தீவுகளுக்குத் திருப்பிக் கொண்டுபோய் விடறாங்க. விடறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணோட ஓட்டுலயும் புற ஊதா வெளிச்சத்துல மின்னற பெயின்ட்ல ஒரு புள்ளி. 2024-ல மூரெயாவில, பார்ட்டுலா டோஹிவியானாங்கற இனத்துல, புள்ளி இல்லாத வளர்ந்த நத்தைகள் கண்ணுல பட்டுச்சு. புள்ளி இல்லைன்னா? அது காட்டுலயே பிறந்து வளர்ந்ததுன்னு அர்த்தம். நாற்பது வருஷம் கழிச்சு ஒரு ரீஸ்டோர் வேலை செஞ்சிருக்கு. இதைப் படிச்சப்போ எனக்கு உள்ளுக்குள்ள ஒரு விசில் அடிச்சுது.

தப்பிச்சவங்க

ரெண்டு குடும்பத்துலயும் தப்பிச்சவங்க கதையும் ஒரே மாதிரி இருக்கு.

துவாமோட்டு உள்ளான் இன்னைக்கும் இருக்கறது எலி போய்ச்சேராத ஒரு சில பவளத் தீவுகள்ல மட்டும். 2015-ல பறவை ஆர்வலர் அமைப்புகள் சேர்ந்து துவாமோட்டு, காம்பியர் பக்கம் ஆறு குட்டித் தீவுகள்ல எலி ஒழிப்புல இறங்கினாங்க. ரெண்டு வருஷம் கழிச்சுப் போய்ப் பாத்தப்போ அஞ்சு தீவு சுத்தம். பறவைக்குக் கூடு கட்ட இடம் கூடிடுச்சு.

டஹிட்டியில காட்டுலயே தாக்குப்பிடிச்ச நத்தை பார்ட்டுலா ஹயலினா. வெள்ளை ஓடு. இது மட்டும் எப்படித் தப்பிச்சதுன்னு கண்டுபிடிச்ச கதை நம்ம ஆளுங்களுக்குன்னே செஞ்ச மாதிரி. மிச்சிகன் பல்கலைக்கழகத்துல அரிசி சைஸுக்கு ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் செஞ்சிருந்தாங்க, அஞ்சு மில்லிமீட்டர் நீளம். அதை வேட்டை நத்தையோட ஓட்டுல ஒட்டி விட்டாங்க. ஹயலினா பாதுகாக்கப்பட்ட இனங்கறதால அது மேல ஒட்டாம, அது தூங்கற இலையில மாட்டி வச்சாங்க. ரெண்டு பக்கமும் எவ்வளவு வெயில் விழுதுன்னு அளந்தாங்க. ஹயலினா இருக்கற இடத்துல சராசரியாப் பத்து மடங்கு அதிக வெளிச்சம். வெள்ளை ஓடு வெயிலைத் திருப்பி அடிச்சிடும், இருட்டு ஓடு வச்ச வேட்டைக்காரன் அங்கே வந்தா வெந்து போவான். 2021-ல இது வெளிவந்துச்சு.

ஆக, எதிரியோட சண்டை போட்டு ஜெயிச்சவங்க யாரும் இல்ல. எதிரி எட்டாத இடத்துல இருந்தவங்க மட்டும்தான் மிச்சம். அந்த இடங்களைக் காப்பாத்தறது நம்ம கையில இருக்கு. ஹயலினாவுக்கு அந்த இடம் காட்டோட வெயில் படற ஓரம். அந்த ஓர மரத்தை யாராவது 'சும்மாதானே கிடக்கு'ன்னு வெட்டினா கதை முடிஞ்சது.

இந்தக் கதை பசிபிக்கோட நிக்கறதில்ல. கொசுப் புழுவைத் தின்னும்னு கம்பூசியா மீனை 1928-ல இந்தியாவுக்குக் கொண்டுவந்து கிணறு, குளம், குட்டைன்னு விட்டுப் பழகின நாடு நம்மளோடது. அது நம்ம ஊர்க் குட்டி மீனையும் தவளை முட்டையையும் சேர்த்துத்தான் திங்குது. மழை சீசன்ல ஆப்பிரிக்க நத்தை பெருகினா 'இதைத் திங்கற எதையாவது கொண்டாந்து விடுங்கப்பா'ன்னு யாராவது ஒருத்தர் சொல்வார். அவருக்கு மூரெயா கதையைச் சொல்லுங்க. உப்பும் கையுறையும் வாளியும் எடுத்துக்கிட்டு நாமளே பொறுக்கறது ரொம்ப போரான வேலைதான். ஆனா வாளியைக் கீழ வச்சிட்டா அதோட நின்னுடும், தானாப் பெருகாது.

லைடன்ல இருக்கற அந்த ஒத்தை உள்ளானுக்குப் பதில் சொல்ல யாரும் இல்ல. ஃபாபா விஷயத்துல அப்படித் தப்பிச்சுக்க முடியாது, எல்லாமே எழுதி வச்சிருக்கு. உங்க ஊர்ல இப்படி 'நல்லதுக்குன்னு' கொண்டாந்து விட்டு வினையா முடிஞ்சது ஏதாவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. சீமைக்கருவேலம்னு மட்டும் சொல்லிடாதீங்க, அதுக்குத் தனிப் பதிவே போடணும் ;-)

டிஸ்கி: நத்தையைப் பத்தி ஒரு பதிவான்னு நக்கலடிக்கறவங்களுக்கு, அடுத்த பதிவு மண்புழு.